640 பவுணுக்கு முதல் அந்தப் பிழைச் செய்தியை வாசியுங்கோ



போன மாதக் கூட்டத்தில் ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எங்கடை அறையில் கிடக்கிற மேசைக் கணினியைக் கழிச்சுவிட்டு, 640 பவுணுக்குப் புதிசு ஒன்று வாங்குவது என்று. எதிர்த்துக் கை தூக்கின மூன்று பேரில் நானும் ஒராள். தோற்ற ஆக்கள் கூட்டம் முடிய வாயைப் பொத்திக்கொண்டு போறதுதான் முறை. ஆனால் காசு இன்னும் குடுபடவில்லை. அந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது என்பதையும் எல்லாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கூட்டக் குறிப்பில் "பொது நிதி" என்று எழுதிக் கிடக்கு. பொது நிதியில் இருந்தது 112 பவுண். மிச்சம் போன மே மாதம் கொத்துரொட்டி வித்துச் சேர்த்தது. ஹற்றன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிற ஆசிரியர்மாருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லித்தான் சனத்திட்டை வாங்கினோம். ஈஸ்ட் ஹாமில் அன்றைக்கு நின்று கொத்துப் போட்ட ஆக்களில் பாதிப்பேர் இந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்கியிருக்கினம்.

ஆனால் காசை விட எனக்குக் கோபம் வந்தது ஒரு வசனத்தில். "லினக்ஸ் போட்டுப் பாத்தனாங்கள், சரிவரேல்லை."

என்ன சரிவரவில்லை? எந்த இடத்தில் வந்து நின்றது? திரையில் என்ன எழுதியிருந்தது? நான் கேட்டேன். "என்னவோ இங்கிலீஸிலை வந்திட்டுத் தானா ஓஃப் ஆகிட்டுது" என்றார் ஒரு தோழர். அதோடை வாக்கெடுப்பு.

கிராம்சியின் ஒரு சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இதே அறையில் இதே ஆக்கள் மூன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தனாங்கள். மேலாண்மையா, மேலாதிக்கமா என்று. மண்டபக்காரர் வந்து லைட்டை நூத்த பிறகும் வெளியிலை குளிருக்குள்ளை நின்று கதைச்சது. ஒரு கணினி தன்ரை கரைச்சலைத் தானே எழுதிக் காட்டினபோது, அந்த ஏழெட்டுச் சொல்லை வாசிக்க எங்களில் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

கூட்டத்துக்கு வராத ஆக்களுக்காக விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கடை கணினி 2016 இல் செய்தது. 2019 இல் பாவிச்ச சாமானாக 180 பவுணுக்கு வாங்கினோம். ஆறாம் தலைமுறை இன்ரெல் புரொசெசர், 8 ஜிபி ராம், வேகமான எஸ்எஸ்டி. கூட்டக் குறிப்பு எழுதவும், துண்டுப்பிரசுரம் வடிவமைக்கவும், இந்த மடலை அனுப்பவும் இது தாராளம். அதில் ஓடுகிறது விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்ரெல்லாவது இருக்கவேண்டும், ரிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இருக்கவேண்டும். ஆக, ஒரு பழுதும் இல்லாத பெட்டி ஒரு பட்டியலில் பேர் இல்லாததால் பழசாகிவிட்டது.

இன்னொரு வருசம், 2026 ஒக்ரோபர் வரை, திருத்தம் தருவதாகவும் ஒரு ஏற்பாடு இருக்கு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிற ஆக்களுக்கு ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கு இருந்தால் போதும். இங்கே பிரித்தானியாவில், கணக்கைத் திறந்து கணினியின் அமைப்புகளை அவர்களின் சேர்வரில் சேமிக்கச் சம்மதிக்கவேண்டும், அல்லது 30 டொலர் மட்டில் கட்டவேண்டும். (பிரெக்சிற்றுக்கு வாக்குப் போட்ட மாமாமார் கவனிக்க.)

சும்மா விடவும் ஏலாது. அந்தப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு என்று யோசித்துப் பாருங்கோ. புகலிட வழக்குகளுக்கு நாங்கள் எழுதிக் குடுத்த ஆதரவுக் கடிதங்கள். ஆக்களின் பேர், விலாசம், ஊரில் இருக்கிற குடும்பத்தின் விபரம். முதுகிலும் காலிலும் உள்ள தழும்புகளின் படங்கள். திருத்தம் வராத ஒரு கணினியில் அதையெல்லாம் வைத்துக்கொண்டு இன்ரநெற்றில் திரிவது அந்த மனிசருக்குச் செய்கிற துரோகம். ஏதாவது செய்யவேண்டும் என்பதில் எனக்கும் அந்த ஒன்பது பேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதனால் போன ஞாயிறு, இரவு வேலை முடித்து நேரே அறைக்குப் போனேன். நான் கணினி படிச்ச ஆள் இல்லை. ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்தில் சாமான் ஏத்தி இறக்குகிற வேலை. லினக்ஸ் என்னுடைய பழைய லப்ரொப்பில் மூன்று வருசமாக ஓடுகிறது, அவ்வளவுதான் தகுதி. அதே பென்ட்ரைவைக் குத்தி, அதே மாதிரி ஓன் பண்ணினேன். கையில் போனை கமரா திறந்தபடி வைத்திருந்தேன், ஏனென்றால் செய்தி வந்து சில செக்கனில் பெட்டி ஓஃப் ஆகிவிடும். படம் பிடித்தேன். அதில் இருந்தது இதுதான்: சிம் என்கிற தொடக்க நிரலின் எஸ்பாற் தரவைச் சரிபார்க்க முடியவில்லை, செக்யூரிட்டி பொலிசி வயலேஷன், பாரதூரமாக ஏதோ பிழைத்துவிட்டது. இரண்டு வரி.

இதைத்தான் ஒன்பது பேர் "லினக்ஸ் சரிவராது" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள்.

அது சொல்வது வேறு. இப்போதைய கணினிகளில் செக்யூர் பூட் என்று ஒன்று இருக்கு. பெட்டி எழும்பும்போது முதலில் ஓடுகிற நிரலில் சரியான கையெழுத்து இருக்கா என்று பார்க்கும், இல்லாவிட்டால் விடாது. லினக்ஸ் வகைகள் பெரும்பாலும் சிம் என்ற சின்ன நிரலோடு தொடங்கும். பழைய சிம்மில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால் ஓட்டை உள்ள பழைய பதிப்புகளை இனி ஏற்கவேண்டாம் என்று ஒரு பட்டியல் கணினிகளுக்குள் ஏற்றப்பட்டது. 2024 ஓகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டோடு அது கனபேரின் கணினிக்குள் போனது. எங்கடை பென்ட்ரைவ் 2021 இல் செய்தது. அதில் இருப்பது லினக்ஸ் மின்ற் 20. வாசலில் நிக்கிற காவல்காரன் அதைப் பார்த்து, "உன்ரை அடையாள அட்டை காலாவதி, போ" என்று அனுப்பினான். அவன் செய்தது சரிதான். இன்னொன்றும் சொல்லவேணும்: மின்ற் 20 க்கு அதைச் செய்யிற ஆக்களே 2025 இல் ஆதரவை நிறுத்திவிட்டினம். அதாவது திருத்தம் நின்றுபோன விண்டோஸுக்குப் பதிலாக, திருத்தம் நின்றுபோன லினக்ஸைப் போடப் பார்த்திருக்கிறீர்கள். நல்லகாலம் அது உள்ளை போகேல்லை.

இதற்குத் தீர்வு, புதுப் பதிப்பை இறக்கி அதே பென்ட்ரைவில் திரும்ப எழுதுவது. மின்ற் 22 க்கு 2029 வரை ஆதரவு இருக்கு. கோப்பு மூன்று ஜிபி மட்டில் வரும். இறக்கின கோப்பு முழுசாக வந்ததா என்று பார்க்க அவர்கள் ஒரு நீட்டுச் சரிபார்ப்பு எண் தருகினம். அதைப் பாருங்கோ, தயவுசெய்து. பாதியில் கெட்டுப்போன இறக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கப் பெட்டியைத் திட்டின ஆள் நான்.

கூட்டத்தில் ஒரு தோழர் இதை மைக்ரோசொஃப்ட்டின் சதி என்றும் சொன்னார். கேட்க உசாராகத்தான் இருக்கும். ஆனால் இந்த இடத்தில் சதி இல்லை. இரட்டை நிறுவல் உள்ள கணினிகளுக்கு அந்த அப்டேட் போகாது என்று சொல்லிவிட்டு, சிலதுக்குப் போய் லினக்ஸ் எழும்பாமல் செய்தது அவர்களின் தவறு, அதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். எங்கடை பெட்டியில் இருந்தது விண்டோஸ் மட்டும்தான். அரசியல் கேள்வி வேறு இடத்தில் இருக்கு. அந்தச் சிம் நிரல் எங்கள் கணினிகளில் எழும்புவதற்கே மைக்ரோசொஃப்ட்டின் கையெழுத்து வேண்டும். உலகத்திலுள்ள மேசைக் கணினிகளில் கனக்கவற்றின் வாசல் திறப்பு ஒரு கம்பனியிடம் இருக்கு, மற்றவர்கள் அதனிடம் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுக் கதைக்கலாம். அதற்கும் முதலில் அந்த இரண்டு வரியை வாசிச்சிருக்கவேணும். வாசிக்காமல் சதி என்கிறது சோம்பலுக்குப் போட்ட சிவப்புச் சட்டை.

புதுப் பென்ட்ரைவோடு பெட்டி எழும்பியது. பிறகு இரண்டாவது தடை: நிறுவப் போனால் உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. இந்த இடத்தில்தான் கன சனம் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டும். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்துதானே காலமை எழும்பினது? அப்படியென்றால் டிஸ்க் உயிரோடை இருக்கு, பார்க்கிற வழிதான் வேறு. பயோஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் இணைப்பு "ரெயிட்" முறையில் விடப்பட்டிருக்கு. இன்ரெல்லின் ஒரு ஏற்பாடு அது. அந்த முறையில் சில வகை எஸ்எஸ்டிகள் கட்டுப்படுத்திக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிக்கும், லினக்ஸுக்குத் தெரியாது. "ஏஎச்சிஐ" என்று மாற்றினேன். டிஸ்க் வந்தது. பிறகு பழையபடி ரெயிட்டுக்கே திருப்பிவிட்டு வந்தேன், ஏனென்றால் அப்படியே மாத்தி விட்டால் இப்போதிருக்கிற விண்டோஸ் எழும்பாது. நான் இன்னும் எதையும் நிறுவவில்லை. தீர்மானம் தீர்மானம்தான். கடிதங்களும் இன்னும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கப்படவில்லை. பிரதி எடுக்காமல் நிறுவத் தொடங்குகிற ஆளை நான் இந்தக் குழுவை விட்டே கலைப்பேன்.

மின்ற்றை நிறுவாமல் பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்படித்தான் மிச்சத்தைப் பார்த்தேன். வைஃபை இல்லை. சுவரில் கொழுவிற மாதிரி ஒரு சின்ன யூஎஸ்பி அடப்ரர் வைத்திருக்கிறோம், அதற்கு டிரைவர் வேணும், டிரைவரை இறக்க இன்ரநெற் வேணும். கிணத்துக்குள்ளை விழுந்த கயிறு மாதிரி. போனைச் சாதாரண சார்ஜ் வயரில் கொழுவி, போனின் இணைப்பைப் பகிர விட்டால் கணினி அதைக் கம்பி இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளும். பத்து நிமிசத்தில் அந்தக் கரைச்சல் முடிந்தது. பிரின்ரர் கேட்காமலே வேலை செய்தது, அதை ஒருத்தரும் கூட்டத்தில் சொல்லமாட்டினம்.

இனித் தமிழ். இதில்தான் உங்கள் தீர்மானத்தின் இரண்டாவது காரணம் கிடக்கு: "லினக்ஸிலை எங்கடை பழைய கட்டுரையள் எல்லாம் உடைஞ்சு வருது." பழைய லப்ரொப் ஒன்றில் யாரோ திறந்து பார்த்தாராம். நானும் திறந்தேன். "தமிழ்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள். எங்கடை பன்னிரண்டு வருச வேலையைத் தட்டச்சு செய்த அக்காவுக்கு இது ஏனென்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எதிர்த்து வாக்களித்த மூன்று பேரில் அவவும் ஒராள். கூட்டத்தில் அவவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தக் கோப்புகள் உடையவில்லை. அவற்றுக்குள் ஒருநாளும் தமிழ் இருந்ததே இல்லை. பாமினி எழுத்துருவில் அடிச்சவை அவை. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து, அதன் மேலே தமிழ் உருவம் போர்த்த ஒரு எழுத்துரு. போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது தெரிகிறது. விண்டோஸ் 11 போட்ட 640 பவுண் புதுப்பெட்டியிலும் பாமினியைப் போடாவிட்டால் அதே ஜே, கே, பீ, ஓ தான் வரும். லினக்ஸில் எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் சொடுக்கி நிறுவு என்று குடுத்தால், வடிவாக வரும். வந்தது. ஆனால் அதையும் நிரந்தரத் தீர்வாக நினையாதேங்கோ. யூனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது, லினக்ஸ் பிறந்த அதே வருசம். புலம்பெயர்ந்த எங்கள் சஞ்சிகைகள், நினைவு மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் எவ்வளவோ இன்னும் பாமினிக்குள் பூட்டிக் கிடக்கு. தேட ஏலாது, வேறு கருவியில் வாசிக்க ஏலாது, கண் தெரியாத ஆளுக்குக் கணினி வாசித்துக் காட்டவும் ஏலாது. எங்கடை வரலாற்றை அழிக்கிறார்கள் என்று மாதத்துக்கு ஒருதரம் எழுதுகிற குழு, தன்ரை கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்ற ஒரு சனிக்கிழமையை ஒதுக்கவில்லை. மாற்றுகிற கருவிகள் இலவசமாகவே இருக்கு. மாற்றின பிறகு ஒருதரம் கண்ணால் ஓட்டிப் பார்க்கவேணும், கொம்பு, கால் சில இடத்தில் இடம் மாறி நிக்கும். அந்த வேலையைத்தான் ஒருத்தரும் விரும்புவதில்லை.

யார் செய்தது இந்த வேலையெல்லாம் இவ்வளவு காலமும்? இதைப் பேசாமல் மிச்சத்தைப் பேச ஏலாது. குறிப்பு எழுதினது, அடிச்சது, பிழை திருத்தினது அந்த அக்கா. கணினி பார்த்தது "கொம்பியூட்டர் தம்பி". அந்தப் பென்ட்ரைவை 2021 இல் செய்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனது அவர்தான். இப்போது லீட்ஸில் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பூட் ஆகவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு அவருக்கு அடிச்சிருக்கிறீர்கள். "அண்ணை, உது பழைய ட்ரைவ், புதுசு இறக்குங்கோ" என்று அவர் சொன்னதாக அவரே எனக்குச் சொன்னார். அது கூட்டத்துக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது "தம்பிக்கும் தெரியேல்லையாம்."

தலையால் செய்கிற வேலை, கையால் செய்கிற வேலை என்று முதலாளித்துவம் மனிசரைப் பிரித்து வைத்ததைப் பற்றி நாங்கள் வகுப்பு எடுக்கிறோம். எங்கடை அறைக்குள்ளேயே அந்தக் கோடு கீறிக் கிடக்கு. அறிக்கை எழுதுகிறவர் தோழர், பிரின்ரரில் சிக்கின கடதாசியை இழுக்கிறவர் தம்பி. "அது ரெக்னிக்கல் விசயம்" என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்ன இளக்காரம் வரும், கவனிச்சிருக்கிறீர்களா? ஊரில் "அது கமக்காரன்ரை வேலை" என்று சொன்ன அதே தொனி. அந்த ஒருவர் போனவுடன் பாஸ்வேட் இல்லை, பிரதி இல்லை, என்ன செய்து வைத்திருக்கிறார் என்று தெரியாது, கடைசியில் கடைக்குப் போய்க் காசைக் குடுக்கிறதுதான் வழி.

சுதந்திர மென்பொருள் இயக்கம் தொடங்கினதே ஒரு பிரின்ரர் கரைச்சலில். எம்ஐரியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பழைய பிரின்ரர் ஒன்றில் கடதாசி சிக்கினால், காத்திருக்கிற ஆக்களுக்கு உடனே செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்ரோல்மன் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980 அளவில் செரொக்ஸ் கம்பனி ஒரு புது லேசர் பிரின்ரரைக் குடுத்தது. அதற்கு மூல நிரல் இல்லை. திருத்த ஏலாது. நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரே போய்க் கேட்டார், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1983 இல் ஸ்ரோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். (ஆளைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் பேசின வேறு பேச்சுகளால் 2019 இல் எம்ஐரியை விட்டு விலகவேண்டி வந்ததும் தெரியும்.) பழுதானதைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், திருத்தினதை அயலவனுக்குக் குடுக்கவும் உரிமை வேண்டும் என்பதுதான் அங்கே கேட்கப்பட்டது. அந்த உரிமை இப்போது எங்கடை மேசையில் கிடக்கு. நாங்கள் பாவிக்க மறுக்கிறோம்.

லினக்ஸ் போட்டால் சோசலிசம் வந்துவிடும் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. உலகத்தின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பெரிய கம்பனிகளின் சேர்வர்களும் அப்படித்தான். 2018 இல் மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலருக்கு கிட்ஹப்பை வாங்கியது, அடுத்த வருசம் ஐபிஎம் 3,400 கோடி டொலருக்கு ரெட் ஹற்றை வாங்கியது. சம்பளம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் எழுதினதில் மூலதனம் நல்லாக் காசு பார்க்குது.

அந்தப் பக்கத்து ஆக்களிலும் எனக்குக் கோபம் இருக்கு. முதல்முதல் லப்ரொப்பில் லினக்ஸ் போட்டபோது திரை முழுக்கக் கறுப்பாக வந்தது. உதவி செய்வார்கள் என்று ஒரு சந்திப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பெடியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையேட்டை வாசிக்காமல் ஏன் வந்தீர் என்ற மாதிரிக் கேட்டான். கையேடு இங்கிலீஸில். நான் இரவு வேலை. தொடக்க வரியில் ஒரேயொரு சொல்லைச் சேர்த்து, கிராஃபிக்ஸ் டிரைவரைத் தற்காலிகமாக ஒதுக்கி எழுப்பினால் சரி என்று இன்னொரு வயசான மனிசி கடைசியில் காட்டித் தந்தா. இரண்டு நிமிச வேலை. கற்றவன் கல்லாதவனை அவமதிக்கிற கலாசாரம் சிவப்புக் கொடி பிடிச்சாலும் பென்குவின் படம் போட்ட ரீசேட் போட்டாலும் ஒன்றுதான். எங்கடை தம்பியிலும் அதில் கொஞ்சம் இருந்தது என்று நான் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். தனக்கு மட்டும் தெரிந்ததில் ஒரு சந்தோசம் இருக்கத்தான் செய்யும்.

கூட்டத்தில் "மியூனிக் நகரசபைக்கே ஏலாமல் போச்சு" என்றும் ஒரு வாதம் வந்தது. மியூனிக் 2003 இல் முடிவெடுத்தது. மைக்ரோசொஃப்ட்டின் தலைவர் ஸ்ரீவ் போல்மர் தானே பறந்து வந்து மேயரைச் சந்தித்தும் முடிவு மாறவில்லை. 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. 2017 இல், வேறு மேயரின் காலத்தில், விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தார்கள். நகரசபை தானே கூப்பிட்ட ஆலோசகர்களின் அறிக்கைகூடப் பிரச்சினைகளில் பெரும்பகுதி கணினிப் பிரிவு ஒழுங்கமைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னது. மேசையில் இருந்த ஊழியர் கரைச்சல் என்று சொன்னபோது கேட்டுத் திருத்துகிற ஒழுங்கு சரியாக இல்லை. இது யாருக்குப் பாடம்? எங்களுக்குத்தான், ஆனால் நீங்கள் சொன்ன பாடம் இல்லை.

எனக்கு மியூனிக்கை விடக் கேரளம் கிட்ட. அங்கே 2001 இல் ஐரி அற் ஸ்கூல் என்று பாடசாலைகளுக்குத் திட்டம் தொடங்கினார்கள், சில வருசத்தில் சுதந்திர மென்பொருளுக்கு மாறினார்கள். ஆட்சி மாறி மாறி வந்தும் நிண்டு பிடிச்சது. அவர்கள் வெளியிலிருந்து கணினிக்காரரைக் கூப்பிட்டு வைக்கவில்லை. கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், மலையாளம் படிப்பிக்கிற ரீச்சர், அவர்களுக்கே நிறுவவும் பிழை பார்க்கவும் பழக்கி, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒருவரைப் பொறுப்பாக விட்டார்கள். 2018 இல் இருந்து லிற்றில் கைற்ஸ் என்று பிள்ளைகளின் கழகங்களும் இருக்கு, அதில் கணினிப் பெட்டிக்குள் என்ன இருக்கு என்பதும் மலையாளத்தைக் கணினியில் கையாளுவதும் பாடம். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிறதை, மூன்று தசாப்தம் அரசியல் செய்த நாங்கள் 640 பவுண் குடுத்துத் தவிர்க்கப் பார்க்கிறோம். அதுவும் தோட்டத்துப் பிள்ளைகளின்ரை காசில்.

ஒரு எதிர்ப்பு மட்டும் எனக்கு உண்மையாகவே உறைத்தது. ஒரு தோழி சொன்னா: "நான் காலமை நாலு மணிக்கு ஒரு ஒஃபிஸ், பின்னேரம் ஒரு ஒஃபிஸ் கூட்டித் துடைக்கிறன். ஞாயிற்றுக்கிழமையும் என்னை மெக்கானிக் ஆக்காதேங்கோ." நியாயம். நேரம் இல்லாதவர்களிடம்தான் எப்போதும் நேரம் கேட்கப்படுகிறது. ஆனால் 640 பவுண் என்பது அந்தத் தோழியின் கூலியில் ஐம்பது மணித்தியாலம் வேலை. நிறுவல் வேலை, பிழை பார்க்கிறதையும் சேர்த்து, என் கணக்கில் நாலு பேருக்கு இரண்டு பின்னேரம். அவவைக் கூப்பிடவும் தேவையில்லை. மூன்றரை மணித்தியாலம் கிராம்சி கதைச்ச ஆக்களுக்கு நேரம் இருக்கு.

புதுப்பெட்டி வாங்கினால் இந்த நேரம் மிச்சம் என்றும் நினையாதேங்கோ. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு எழும்பினவுடனேயே இன்ரநெற்றும் மைக்ரோசொஃப்ட் கணக்கும் கேட்கும். யாருடைய பேரில் திறப்பீர்கள்? கோப்புகளை அவர்களின் மேகத்தில் சேமிக்கவா என்று கேட்கும், சில நேரம் கேட்காமலே தொடங்கும். தழும்புப் படங்கள் எந்த நாட்டுச் சேர்வரில் போய் இருக்கும் என்று அந்த மனிசரிடம் சொல்லத் தயாரா? பாமினி போடவேணும், பிரின்ரர் போடவேணும், பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்கவேணும். அப்போதும் தம்பிக்குத்தான் அடிப்பீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டுவருகிற பிரேரணை இது. 640 பவுணை ஆறு கிழமைக்கு நிறுத்தி வைப்பது. கொத்துக் காசை அது சேர்த்த காரணத்துக்கே இந்த மாதம் அனுப்பிவிடுவது. இரண்டு ஞாயிறு, நாலு பேர். அதில் இரண்டு பேராவது பயோஸ் என்ற சொல்லை இந்தக் கடிதத்தில்தான் முதல் தரம் கேட்ட ஆக்களாக இருக்கவேணும். நான் கைகட்டிக்கொண்டு நிற்பேன், விசைப்பலகையைத் தொடமாட்டேன். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கும்: திரையில் வந்த செய்தியை அப்படியே எழுத்து மாறாமல் எழுதுவது, அதன் கருத்தைத் தமிழில் எழுதுவது, என்ன மாற்றினோம், என்ன நடந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேணும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தினது என்று தெரியாது, அடுத்த முறை திரும்ப முதலிலிருந்து. பாஸ்வேட் மூடின உறைக்குள் பொருளாளரிடம் இருக்கும், ஒருத்தரின் தலைக்குள் இல்லை.

இரண்டாம் ஞாயிறு முடியவும் சரிவராவிட்டால் நானே வாங்கச் சொல்லிக் கை தூக்குவேன். அப்போதும் 640 க்கு இல்லை. கம்பனிகள் கழித்துவிட்ட, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட மேசைக் கணினி பாவிச்ச சாமானாக அதில் காற்பங்கு விலைக்கு எடுக்கலாம்.

முதல் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்க நினைக்கிறேன், மண்டபக்காரரிடம் கேட்டுவிட்டேன். வாறவர்கள் 8 ஜிபிக்குக் குறையாத வெறும் பென்ட்ரைவ் ஒன்றும், யாரிடமாவது வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கோ. முதல் வேலை கடிதங்களைப் பிரதி எடுத்துப் பூட்டுகிறது. அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறா. தம்பிக்கு ஒருத்தரும் அடிக்கவேண்டாம், அவரின் சின்னவளுக்குக் காய்ச்சல்.